ஈரம் நிற்கும் இடம்

(ராமநாதபுரத்தில் வாடகைக் கார் ஓட்டுநர்களும் வண்டி உரிமையாளர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டம் ஒன்றில், டிங்கர் பட்டறை நடத்தும் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாசி மாதம் என் பட்டறைக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. ராமேசுவரத்துத் தம்பி ஒருவருடைய வண்டி. வாங்கி ஐந்து வருடம்கூட ஆகவில்லை. காலையில் சவாரிக்குக் கிளம்பும் முன் தினமும் துடைப்பார். மாதம் தவறாமல் பாலிஷ் போடுவார். பானட்டில் முகம் பார்க்கலாம், அப்படி வைத்திருந்தார். பின்கதவுக்குக் கீழே பெயிண்ட் நாலைந்து இடத்தில் குமிழ் விட்டிருந்தது. "அண்ணே, லேசாப் பட்டி பார்த்து ஒரு கோட் அடிச்சுக் குடுங்க, நாளைக்குச் சவாரி இருக்கு" என்றார். நான் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் அந்த இடத்தைத் தட்டினேன். நல்ல தகடாக இருந்தால் கணீரென்று கேட்கும். இது பொத்தென்று கேட்டது. முனையை வைத்து மெல்ல அழுத்தினேன். அப்பளத்தில் விரல் இறங்குவது போல உள்ளே இறங்கிவிட்டது.

சக்கரத்தைக் கழற்றினேன். மட்கார்டின் உட்புறம் தகடு மடிந்து வரும் இடத்தில் கையை விட்டேன். ஒரு கை மண் வந்தது. மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. ஊரே காய்ந்து கிடந்தது. அந்த மண் மட்டும் பிடித்தால் உருண்டை பிடிக்கும் ஈரத்தோடு இருந்தது. நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அந்தத் தம்பி என் கையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தினமும் துடைச்சேனேண்ணே" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டே இருந்தார். துரு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குடியிருந்தது. அவருடைய அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கு என்னை இங்கே பேச அழைத்து வந்திருக்கிறது.

மழையில் நனைந்தால் வண்டி கெட்டுப்போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நனைவதால் கெடுவது கொஞ்சம். காயாமல் இருப்பதால் கெடுவதுதான் மிச்சமெல்லாம். வண்டி சுத்தம் என்று நான் சொல்வது பளபளப்பை அல்ல. எங்கே ஈரம் நிற்கிறதோ அங்கே போய் அதை வெளியேற்றுவது, மறுபடி நிற்காமல் வழி செய்வது, அவ்வளவுதான்.

மாசி வெயிலிலும் அந்த மண் ஏன் காயவில்லை? இதற்கான பதில் உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. ஜாடியில் போட்டு வைத்த கல்லுப்பு மழைக்காலத்தில் கசிந்து அடியில் தண்ணீர் கட்டும், பார்த்திருப்பீர்கள். யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உப்பே இழுத்துக்கொள்கிறது. சுத்தமான சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் இப்படிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 33 சதவீத ஈரப்பதமே போதும். நம் கடற்கரைக் காற்று அந்த அளவுக்கு வறண்டு போவது அபூர்வம். ஆகவே கடல் மணல் ஒட்டிய தகட்டுக்கு வறட்சிக் காலம் என்று ஒன்று கிடையாது. வருடம் முழுக்க அது நனைந்தே இருக்கிறது.

இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அது நடக்கும் விதம் பாட்டரி வேலை செய்கிற மாதிரி. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு கரைகிறது, பக்கத்து இடத்தில் காற்றின் ஆக்சிஜன் வேலை செய்கிறது, நடுவிலுள்ள ஈரத்தின் வழியே மின்னோட்டம் போகிறது. உப்புக் கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் துரு ஓடிப் பிடிக்கிறது. இதில் இன்னொரு சங்கதி உண்டு. எங்கே காற்று நன்றாகப் படுகிறதோ அங்கே இரும்பு அதிகம் கரைவதில்லை. காற்றுக் குறைவாகப் போகும் இடத்தில்தான், அதாவது மண் அப்பியிருக்கும் இடத்துக்கு அடியில்தான் கரைகிறது. நான் கைவிட்ட மடிப்பில் நடந்தது அதுதான்.

பிறந்த துருவுக்கு இடம் போதாது. கரைந்த இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை அது பருக்கும். பருத்தால் மேலே இருக்கும் பெயிண்டைத் தள்ளும். அதுதான் நாம் பார்க்கிற குமிழ். குமிழைக் கண்டு வியாதி இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்காதீர்கள். கதவின் அடிப்பக்கம், அதற்குக் கீழே பெட்டி மாதிரி ஓடும் பகுதி, இங்கெல்லாம் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே குமிழ் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும். வண்டித் தகடே முக்கால் மில்லிமீட்டர் கனம்தான்.

கம்பெனிக்காரர்கள் ஒன்றும் செய்யாமல் அனுப்புவதில்லை. இன்றைய வண்டிகள் பலவற்றில் முக்கியத் தகடுகளுக்குத் துத்தநாகம் பூசியிருக்கிறார்கள். கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முந்தித் துத்தநாகம் கரைந்துபோய் இரும்பைக் காக்கும். பிறகு பாஸ்பேட் குளியல். அதன் பிறகு முழு வண்டிக்கூட்டையும் பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, சந்து பொந்தெல்லாம் முதல் பெயிண்டைப் படியவைக்கிறார்கள். அந்த முதல் பூச்சு 20 மைக்ரான் அளவு. அதற்கு மேல் பிரைமர், நிறம், கடைசியாகக் கண்ணாடிபோல ஒரு பூச்சு. எல்லாம் சேர்த்தாலும் சுமார் 100 மைக்ரான். தலைமுடி ஒன்றைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவே. நம் வண்டிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நிற்கிற வேலி அதுதான். சக்கரம் வாரியடிக்கும் மணலும் சரளையும் தினமும் அந்த வேலியைக் கொத்திக்கொண்டிருக்கின்றன.

நாம் வண்டி ஓட்டுகிற மண்ணைப் பற்றி நம்மைவிட விஞ்ஞானிகளுக்கு நன்றாகத் தெரியும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிலையம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். அரிப்பை ஆராய்வதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று நம் மண்டபம். உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து, எவ்வளவு கரைந்தது என்று எடைபோட்டுக் கணக்கெடுக்கிறார்கள். இரும்பை இவ்வளவு வேகமாகத் தின்கிற காற்று உலகத்திலேயே சில இடங்களில்தான் உண்டு. அந்தக் காற்றில்தான் நாம் இரவெல்லாம் வண்டியை நிறுத்தி வைக்கிறோம்.

ஆனால் அதே காற்றில் பழைய பாம்பன் ரயில் பாலம் நின்றது. 1914இல் திறந்தது. 1964 புயலில் அடிபட்டது, சில பகுதிகளை மாற்றினார்கள், இருந்தும் 2022 டிசம்பர் வரை அதன் மேல் ரயில் ஓடியது. கடைசியில் அதை நிறுத்தியதும் துருதான்; தூக்குப் பாலம் அரித்துப் பலமிழந்துவிட்டது. ஆனாலும் நூறு வருடத்துக்கு மேல். எப்படி? சிறுவயதில் பாம்பன் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கர்டரில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு ஆட்கள் சுரண்டிக்கொண்டும் பெயிண்ட் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். கீழே கடல். ஒரு முனையில் முடிப்பதற்குள் மறுமுனையில் வேலை வந்துவிடும் என்று என் அப்பா சொல்வார். அந்த ஆட்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பாலத்தை நூறு வருடம் தாங்கியது அவர்கள் கைதான் என்று நான் நம்புகிறேன்.

இப்போது நம் வண்டிக்கு வருகிறேன். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்தது. சவாரி பெருகியது, நம் பிழைப்பு நடக்கிறது, நல்லதுதான். ஆனால் ஒரு பக்கம் நாம் ஆண் கடல் என்று சொல்லும் கடல், மறுபக்கம் பெண் கடல் என்று சொல்லும் கடல், நடுவில் சாலை. எந்தப் பக்கத்துக் காற்று அடித்தாலும் உப்புச் சாரலும் மணலும் வண்டிக்கு அடியில் போகாமல் இராது. பயணிகளை இறக்கிவிட்டு வந்ததும் கண்ணாடியைத் துடைக்கிறோம், பானட்டைத் துடைக்கிறோம். உலர்ந்த துணியால் துடைத்தால் அந்த மணலே உப்புத்தாள் ஆகிவிடும். அதைவிட மோசம், மணல் ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை. அரிச்சல்முனை போய்வந்த அன்றைக்கு மேல்பக்கம் கழுவ நேரமில்லை என்றால் விட்டுவிடுங்கள். நாலு மட்கார்டின் உட்புறத்துக்கும் அடிப்பகுதிக்கும் குழாயைப் பிடித்து ஐந்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். மடிப்புகளில் விரலை விட்டு மண்ணைத் தோண்டி எடுங்கள். பாலிஷ் போடும் அரைமணி நேரத்தைவிட இந்த ஐந்து நிமிடம் வண்டிக்கு ஆயுள் சேர்க்கும்.

என்ன தண்ணீர் அடிப்பது? நம் மாவட்டத்தில் இதுதான் பெரிய கேள்வி. பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே அடிக்கிறோம். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடித் துண்டில் உங்கள் போர் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு வெயிலில் வையுங்கள். காய்ந்தபின் வெள்ளையாக வளையம் தெரிந்தால், ஒவ்வொரு முறை கழுவும்போதும் அதைத்தான் வண்டி முழுக்கப் பூசுகிறீர்கள். அதற்காகக் காவிரிக் கூட்டுக் குடிநீரைக் குடம் குடமாக வண்டியில் கொட்டச் சொல்ல மாட்டேன். பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் அது பாவம். மண்ணையும் சேற்றையும் போர் தண்ணீரில் போக்குங்கள். கடைசியில் ஒரே ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து அலசுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. மழை வந்தால் வண்டியை மூடாதீர்கள், திறந்த வெளியில் நிறுத்துங்கள். காசில்லாமல் உப்பு போகும். ஊருணிக் கரையில் வண்டியை இறக்கிக் கழுவும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அந்தத் தண்ணீரை நம்பிக் குடம் எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மேல்பக்கம் கழுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிழலில் நிறுத்தி, பானட் சூடு ஆறிய பிறகு, முதலில் வெறும் தண்ணீரால் மணலைப் போக்கிவிட்டுத்தான் துணி படவேண்டும். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகை எடுத்துவிடும். வண்டிக்கென்று விற்கும் ஷாம்புவே போதும். பறவை எச்சத்தை அன்றன்றைக்கே நனைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள். கழுவியபின் நாலு கதவையும் டிக்கியையும் திறந்து போட்டு அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடியுங்கள், டிஸ்க் காய்ந்துவிடும். ஈர வண்டிக்குக் கவர் போட்டு மூடுவது மட்டும் கூடவே கூடாது. பிளாஸ்டிக் கவருக்குள் ஈரமும் சூடும் சேர்ந்தால் துருவுக்குப் பந்தி விரித்த மாதிரி.

நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்குகிறோமே, அதன் ஓரமாக மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேதான் போகிறது. போகாமல் தடுக்க முடியாது, கம்பெனியும் தடுக்க நினைக்கவில்லை. உள்ளே போன தண்ணீர் வெளியே வரக் கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டை வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்து, குனிந்து, கீழ் விளிம்பைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும். அந்த ஓட்டையில் புழுதி அடைத்துக்கொண்டால் கதவு ஒரு தொட்டி ஆகிவிடும். ஓட்டும்போது சளக் சளக்கென்று சத்தம் கேட்கிறது என்று ஒரு வாத்தியார் வண்டியைக் கொண்டுவந்தார். ஓட்டையைக் குத்தியதும் அரைச் செம்புத் தண்ணீர் கலங்கலாக வடிந்தது. அவருக்கு ஆச்சரியம், எனக்கு நிம்மதி. இன்னும் ஒரு மழைக்காலம் தாண்டியிருந்தால் கதவையே மாற்ற வேண்டியிருக்கும்.

இதே மாதிரி வைப்பருக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் பானட்டைத் தூக்கி அங்கே பாருங்கள். சருகு மக்கி எருவாகிக் கிடக்கும். அடியிலுள்ள வடிகால் அடைத்தால் தண்ணீர் காருக்குள்ளேயே இறங்கும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியையும் பாருங்கள். பின்பக்க பீடிங் கிழிந்திருந்தால் அங்கே தண்ணீர் கட்டும். அப்புறம் ஏ.சி. நம் ஊரில் ஏ.சி. போடாத சவாரி இல்லை. ஏ.சி.யில் சேரும் தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாய் அடைத்தால், அது முன்சீட்டில் கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கிவிடும். மேலே துணி காய்ந்தது போல இருக்கும், கீழே பஞ்சு நனைந்து கிடக்கும். ஏ.சி. போட்டு நிற்கும் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

மீன் வண்டிக்காரர்கள் சிலர் பின்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஸ் உருகி மீன் பெட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் உப்புத் தண்ணீர். அது நேராகச் சேஸ் மேல் சொட்டுகிறது. பெட்டியை இறக்கிய இடத்திலேயே தளத்தையும் அடியையும் அலசிவிட்டுக் கிளம்பினால் ஒழிய வேறு மருந்து இல்லை. தளத்துக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு குழாய் வைத்து, சேஸைத் தொடாமல் வெளியே விட்டால் இன்னும் நல்லது. சிலருக்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அடியில் கழிவு ஆயில் அடித்தால் துரு பிடிக்காது என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். எண்ணெய்ப் படலம் கொஞ்சம் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், மணலை இழுத்து ஒட்டவைக்கும், சொட்டிச் சொட்டி நிலத்தைக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. வேண்டாம். அடிப்பக்கத்துக்குக் கறுப்பாக அடிக்கிற கோட்டிங் நல்லதுதான், புது வண்டிக்கு. துருப்பிடித்த தகட்டின் மேல், ஈரம் காயாமல் அடித்தால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் அர்த்தம். மேலே கறுப்பு ஜம்மென்று இருக்கும், உள்ளே தகடு உதிரும். கோட்டிங் அடிக்கும் முன் லிஃப்டில் ஏற்றிக் கழுவி, ஒருநாள் காயவைத்தார்களா என்று கேளுங்கள். கதவுக்குள்ளும் பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் மெழுகு மருந்து பீய்ச்சச் சொல்லுங்கள். கோட்டிங்கைவிட அது நம் ஊருக்கு முக்கியம்.

பட்டி விஷயத்தில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். தொழில் கற்ற புதிதில், ஒரு பெரியவரின் அம்பாசடர் வந்தது. அவசரம் என்றார். துருவை மேலாகத் தேய்த்துவிட்டு, பட்டி போட்டு, உப்புத்தாள் போட்டு இழைத்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் போகும் வண்டி போல நின்றது. ஆறு மாதத்தில் அந்த இடம் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிட்டது. பட்டி ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேல் போட்டால் ஈரப்பஞ்சைக் கட்டி வைத்த மாதிரி. அவர் என்னைத் திட்டவில்லை. "நல்லாத்தானேப்பா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து துருத் தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு பற்றவைத்து, வெள்ளி போலப் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகுதான் பட்டியைத் தொடுவேன். நேரம் ஆகும், செலவும் ஆகும். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் இதைக் கேட்டுப் பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள்.

மேலோட்டமான துரு என்றால் வெட்ட வேண்டாம். உதிர்கிறதைச் சுரண்டிவிட்டுத் துருவை மாற்றும் திரவம் தடவலாம். அதற்கு மேல் பிரைமர். அந்தத் திரவங்கள் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். துருவோடு சேர்ந்து அதைக் கருநீலமான, கெட்டியான படிவாக மாற்றிவிடும். நம் முன்னோர் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்தார்களே, அதே ரசாயனம். கடுக்காயின் துவர்ப்பும் அந்தப் பாட்டிலில் இருப்பதும் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவி விற்கிறவர்கள் பெல்ட்டின் கடைசி நுனியை மறந்துவிடுவார்கள். சேற்றுக்கறை அங்கே இருக்கும். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய 2023 டிசம்பருக்குப் பிறகும் இதைப் பார்க்காமல் நான் யாருக்கும் வண்டி பார்த்துச் சொல்வதில்லை.

நேரமாகிவிட்டது. வாசலில் இருபது வண்டிக்கு மேல் நிற்பதை வரும்போதே பார்த்தேன். வீட்டிலிருந்து ஒரு கட்டு ஈர்க்குச்சி கொண்டுவந்திருக்கிறேன். கதவின் அடி ஓட்டையில் கம்பியை விட்டுக் குத்தினால் சுற்றியுள்ள பெயிண்ட் போய்விடும். ஈர்க்குச்சி வளையும், கீறாது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலைவதற்கு முன் அவரவர் வண்டியின் நாலு கதவையும் திறந்து வையுங்கள், நானும் வருகிறேன். எந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் வருகிறது என்று பார்ப்போம்.